ஆணை வேறு, பத்திரம் வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் போராட்ட வரலாறு குறித்து வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். வாக்குரிமை, பேருந்துப் புறக்கணிப்பு, காவல்துறையின் அத்துமீறல் ஆகியவற்றை விரிவாகவும் பரிவோடும் எழுதியிருந்த அந்தக் கட்டுரையில் நிலத்தைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது. அந்த வரியும் பிழையானது. “உள்நாட்டுப் போரின் முடிவில், விடுதலை பெற்ற அடிமைகளுக்கு 40 ஏக்கர் நிலமும் ஒரு கோவேறு கழுதையும் வழங்கப்பட்டன” என்று அச்சாகியிருக்கிறது. முப்பத்து நான்கு ஆண்டுகள் சார்பதிவாளர் அலுவலக வாசலில் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். ‘வழங்கப்பட்டது’ என்ற சொல்லைக் கண்டால், எந்த ஆவணத்தின்படி, யார் கையெழுத்தில், என்ன நிபந்தனையோடு என்று கேட்கும் பழக்கம் ஓய்வுபெற்ற பிறகும் என்னை விட்டுப் போகவில்லை. அந்தப் பழக்கத்தில்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். சற்று நீண்டுவிட்டதைப் பொறுத்தருள வேண்டும்.

1865 ஜனவரி 12 அன்று இரவு, ஜார்ஜியா மாநிலத்தின் சவான்னா நகரில், வட மாநிலங்களின் படைத் தளபதி ஷெர்மனும் போர்த்துறைச் செயலர் ஸ்டான்டனும் கறுப்பினத் தலைவர்கள் 20 பேரை அழைத்துப் பேசினார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் திருச்சபைப் போதகர்கள். அவர்கள் சார்பில் பேசிய கேரிசன் ஃப்ரேசியருக்கு அப்போது வயது 67. எட்டு ஆண்டுகளுக்கு முன்னர், 1,000 டாலரைப் பொன்னாகவும் வெள்ளியாகவும் எண்ணிக் கொடுத்து, தன்னையும் தன் மனைவியையும் கிரயத்துக்கு வாங்கிக்கொண்டவர் அவர். எத்தனையோ கிரயம் எழுதியிருக்கிறேன். தன்னைத் தானே கிரயம் பெற்ற ஒருவரைப் பற்றிப் படித்தபோது சற்று நேரம் மேற்கொண்டு படிக்க முடியவில்லை. உங்களை நீங்களே காத்துக்கொள்ள என்ன வேண்டும் என்ற கேள்விக்கு, நிலம் வேண்டும், அதை எங்கள் உழைப்பால் நாங்களே உழுது பயிரிட வேண்டும் என்பதே அவருடைய பதிலாக இருந்தது. வாக்கையோ கூலியையோ அவர் முதலில் கேட்கவில்லை.

நான்கு நாள் கழித்து ஷெர்மனின் 15ஆம் எண் களச் சிறப்பாணை வெளியானது. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனிலிருந்து ஃபுளோரிடாவின் செயின்ட் ஜான்ஸ் ஆறு வரையுள்ள கடலோரத் தீவுகளும், ஆண்டைகள் விட்டுவிட்டு ஓடிய நெல்வயல்களும், குடும்பத்துக்கு 40 ஏக்கருக்கு மிகாமல் பிரித்துக் கொடுக்கப்படும் என்றது அந்த ஆணை. கோவேறு கழுதையைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. படையில் மிகுந்திருந்த கழுதைகள் பின்னர் சிலருக்குக் கிடைத்ததால் பேச்சுவழக்கில் ஒட்டிக்கொண்டது அது. முக்கியமானது வேறு. அந்த ஆணை கொடுத்தது நிலத்தை வைத்து அனுபவிக்கும் அனுபோகச் சீட்டு மட்டுமே, முழு உரிமைப் பத்திரம் அல்ல, அதுவும் குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்கு உட்பட்டது. ஜூன் மாதத்துக்குள் ஏறத்தாழ 40,000 பேர் 4 லட்சம் ஏக்கரில் குடியேறி விதைக்கவும் செய்தார்கள். ஆனால் ஏப்ரலிலேயே லிங்கன் கொல்லப்பட்டுவிட்டார். அடுத்து வந்த ஆண்ட்ரூ ஜான்சன் பழைய ஆண்டைகளுக்குப் பொதுமன்னிப்பு வழங்கி, நிலத்தையும் அவர்களுக்கே திருப்பிவிட்டார்.

அந்தச் செய்தியைச் சொல்லும் கடமை, விடுதலை பெற்றோர் நலனுக்கான அரசுப் பணியகத்தின் தலைவரான தளபதி ஹோவர்டுக்கு வாய்த்தது. அவ்வாண்டு அக்டோபரில், தென் கரோலினாவின் எடிஸ்டோ தீவிலுள்ள தேவாலயம் ஒன்றில் கூட்டம் நிரம்பி வழிந்தது. நிலத்தை விட்டுக் கொடுக்க வேண்டும் என்று சொல்ல வந்தவருக்குப் பேச்சு வரவில்லை. கூச்சல் அடங்கவும் இல்லை. அப்போது ஒரு பெண் துயரப் பாட்டொன்றை எடுத்தார். கூட்டம் முழுவதும் சேர்ந்து பாடியது. பிறகு அந்தத் தீவின் மக்கள் மூவர் கொண்ட குழு அமைத்து, அரசு தங்களுக்கு வீட்டுமனையும் நிலமும் தருவதாக வாக்களித்ததை நினைவூட்டி மனு எழுதினார்கள். அந்த மனுவும் பயன் தரவில்லை. ஆகவே ஆசிரியர் அவர்களே, 40 ஏக்கர் ‘வழங்கப்பட்டது’ என்பது பாதிதான் உண்மை; வழங்கப்பட்டு, விதைத்த பிறகு பறிக்கப்பட்டது.

இதன் பிறகு அவர்கள் நிலம் வாங்கியது அரசு கொடுத்து அல்ல. கூலியில் மிச்சம் பிடித்து, திருச்சபை வழியாகச் சிறுகச் சிறுகச் சேர்த்து, 1910ஆம் ஆண்டு வாக்கில் ஒன்றரைக் கோடி ஏக்கருக்கும் மேல் வாங்கியிருந்தார்கள். 1920ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கறுப்பின உழவர்கள் 9.25 லட்சம் பேர். 2017ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பில் அந்த எண்ணிக்கை 50,000க்கும் கீழே போய்விட்டது. அவர்களின் பண்ணைகளில் எஞ்சியிருந்தது ஏறத்தாழ 47 லட்சம் ஏக்கர். துப்பாக்கிக்கும் தீவைப்புக்கும் பயந்து ஊரை விட்டுப் போனவர்களும், வடக்கே ஆலை வேலை தேடிப் போனவர்களும் உண்டு. ஆனால் நிலம் கைமாறிய வழிகளில் ஒன்று, நம் ஊர்ப் பத்திர எழுத்தர் எவருக்கும் உடனே விளங்கக் கூடியது.

எங்கள் வட்டாரத்தில் ஒரு கைம்பெண் தன் பட்டாவை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தது நினைவிருக்கிறது. மூன்று ஏக்கர் இருபது செண்டு, கூட்டுப் பட்டா, பதினோரு பெயர்கள். அவற்றில் ஏழு பேர் இறந்தவர்கள், இருவர் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாது. நாற்பது ஆண்டுகளாக அந்த அம்மாள்தான் கிணறு வெட்டி, கடலை போட்டு, வரியும் கட்டி வந்தார். ஆனால் பயிர்க்கடன் கேட்டுப் போனால் பதினோரு கையெழுத்து கேட்டார்கள். கொழுந்தன் மகன் ஒருவன் தன் பிரிபடாத பாகத்தை வெளியாள் ஒருவருக்கு எழுதிக் கொடுத்துவிட, அந்த வெளியாள் பாகப்பிரிவினை வழக்குப் போட்டுவிட்டார். அமெரிக்கத் தென் மாநிலங்களில் கறுப்பினக் குடும்பங்களின் நிலத்தில் கணிசமான பகுதி இப்படித்தான் கிடக்கிறது. வெள்ளையர் நீதிமன்றத்தை நம்பாத பாட்டன் உயில் எழுதாமல் இறந்தார். வாரிசுகள் மூன்று நான்கு தலைமுறைக்குப் பெருகினார்கள். நிலம் ‘வாரிசுச் சொத்து’ என்ற பெயரில் எல்லோருக்கும் பொதுவாகவும் எவருக்கும் உறுதியில்லாமலும் நின்றது. மனை வணிகர் ஒருவர் சிகாகோவிலோ டெட்ராய்ட்டிலோ இருக்கும் தூரத்துப் பங்காளி ஒருவரிடம் அற்பத் தொகைக்கு ஒரு பாகத்தை வாங்கி வழக்குப் போடுவார். நிலத்தைப் பிரிக்க முடியாது என்று சொல்லி நீதிமன்றம் மொத்தத்தையும் ஏலத்துக்கு விடும். நீதிமன்றப் படிக்கட்டில் நடக்கும் அந்த ஏலத்தில், ரொக்கத்தோடு நிற்பவர் பெரும்பாலும் அதே வணிகர்தான்.

வெளியாள் வழக்குப் போட்டால் குடும்ப வீட்டையாவது மதிப்புப் போட்டுப் பங்காளிகளே வாங்கிக்கொள்ள, நம் நாட்டின் 1893ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டம் இடம் கொடுக்கிறது. அதையொத்த பாதுகாப்பைத் தரும் மாதிரிச் சட்டம் அமெரிக்காவில் 2010இல்தான் வரையப்பட்டது. கறுப்பின உழவர்களுக்காக உழைத்த சட்ட வல்லுநர்களும் கூட்டுறவு அமைப்புகளும் ஒவ்வொரு மாநிலச் சட்டமன்றமாக ஏறி இறங்கியதால் இன்று 20க்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதை ஏற்றுள்ளன. செய்தித்தாளில் தலைப்புச் செய்தியாக வராத இந்த வேலையைத்தான் நான் போராட்டம் என்று மதிக்கிறேன்.

சூழல் நீதி என்று இப்போது உலகெங்கும் பேசப்படுகிறதே, அந்தச் சொல்லுக்கு உயிர் கொடுத்த இடமும் இப்படி ஒரு நிலப் பிரச்சினைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. வட கரோலினாவின் வாரன் மாவட்டத்தில், குடிமை உரிமைத் தலைவர் ஃபுளாய்ட் மெக்கிசிக் ‘சோல் சிட்டி’ என்று ஒரு புதிய நகரத்தை எழுப்ப 1969இல் முனைந்தார். கறுப்பின மக்கள் தாங்களே திட்டமிட்டு, தாங்களே உரிமையாளர்களாக வாழும் ஊர் அது, வெள்ளையரும் குடியேறலாம். நடுவண் அரசு 1972இல் 1.4 கோடி டாலர் கடனுக்குப் பிணை நின்றது; 1979இல் கையை விரித்துவிட்டது. அந்த ஊருக்கென்று கட்டிய தொழிற்கூடம் இன்று சிறைச்சாலையின் வசம் இருக்கிறது.

அதே மாவட்டத்தின் ஆஃப்டன் என்ற சிற்றூருக்கு வேறொன்று வந்தது. 1978 கோடையில், பி.சி.பி. என்னும் நச்சுப்பொருள் கலந்த மின்மாற்றி எண்ணெயைச் சட்டப்படி அழிக்கும் செலவுக்கு அஞ்சிய ஒரு கும்பல், இரவில் லாரியின் குழாயைத் திறந்துவிட்டு மாநிலச் சாலைகளின் ஓரமாக 240 மைல் தூரம் ஊற்றிக்கொண்டே போனது. தோண்டி எடுத்த நச்சு மண்ணைப் புதைக்க அரசு தேர்ந்தெடுத்த இடம் ஆஃப்டன். அங்கே நிலத்தடி நீர் சில அடி ஆழத்திலேயே கிடைக்கும், மக்கள் குடித்தது கிணற்று நீர், பெரும்பாலோர் கறுப்பினத்தார். 1982 செப்டம்பரில் லாரிகள் வரத் தொடங்கியபோது, டாலி பர்வெல் போன்ற உள்ளூர்ப் பெண்களும் போதகர்களும் தேவாலயத்திலிருந்து நடந்து வந்து சாலையின் குறுக்கே படுத்தார்கள். ஆறு வாரங்களில் 500க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். லாரிகள் நிற்கவில்லை. சாலையில் படுத்தவர்களில் சொந்த நிலம் வைத்திருந்த சிறு உழவர்களும் உண்டு என்பதைப் பலரும் எழுதுவதில்லை. பக்கத்தில் நச்சுக் குழி இருக்கும் நிலத்தை எந்த வங்கி அடமானமாக ஏற்கும், எந்தப் பிள்ளை திரும்பி வந்து உழும்?

கைதானவர்களில் ஒருவரான நாடாளுமன்றப் பிரதிநிதி வால்டர் ஃபான்ட்ராய் கேட்டதால் 1983இல் அரசுத் தணிக்கை அலுவலகம் ஆய்வு செய்தது. தென்கிழக்கு மாநிலங்கள் எட்டில் இத்தகைய நச்சுக் குழிகள் நான்கில் மூன்று, கறுப்பினத்தார் பெரும்பான்மையாக வாழும் இடங்களில் இருப்பதாக அந்த ஆய்வு கண்டது. 1987இல் ஐக்கிய கிறிஸ்து திருச்சபையின் ஆய்வு இதையே நாடு முழுமைக்கும் காட்டியது. 1994 பிப்ரவரியில் அதிபர் கிளின்டன், ஏழைகளும் சிறுபான்மையினரும் வாழும் பகுதிகள் மீது ஏறும் சூழல் சுமையை அரசுத் துறைகள் கணக்கில் கொள்ள வேண்டும் என்று 12898ஆம் எண் நிர்வாக ஆணையைப் பிறப்பித்தார். ஆஃப்டன் குழியின் மண் நச்சு நீக்கப்பட 2003 ஆகிவிட்டது. அந்த நிர்வாக ஆணையோ, 2025 ஜனவரி 21 அன்று அதிபர் டிரம்ப் இட்ட மற்றொரு கையெழுத்தில் ரத்தாகிவிட்டது. 1865க்கும் 2025க்கும் இடையில் 160 ஆண்டுகள் ஓடியும், ஆணையின் ஆயுள் அடுத்த ஆளின் பேனா முனையில்தான் இருக்கிறது.

இதை வெகு முன்னரே உணர்ந்தவர்கள் தென்மேற்கு ஜார்ஜியாவின் சார்ல்ஸ் ஷெராடும் ஷெர்லி ஷெராடும். ஷெர்லியின் தந்தை ஓர் உழவர். 1965இல் வெள்ளை இன அண்டை வீட்டுக்காரர் ஒருவரால் சுட்டுக் கொல்லப்பட்டார். வெள்ளையர் மட்டுமே இருந்த நடுவர் குழு வழக்கே தொடுக்கவில்லை. சார்ல்ஸ், 1961 முதல் அல்பனி நகரில், கறுப்பினத்தாரின் வாக்குரிமைக்காக உழைத்த மாணவர் இயக்கத்தின் களப்பணியாளர். வாக்காளர் பட்டியலில் பெயர் எழுதிக்கொண்ட குற்றத்துக்காக விளைச்சலில் பங்கு தரும் வாரக் குத்தகைக்கு உழுத குடும்பங்கள் இரவோடிரவாகக் குடிசையிலிருந்து வெளியேற்றப்பட்டதை அவர் கண்ணால் கண்டார். வாக்குச்சீட்டைக் கையில் கொடுத்துவிட்டு, நிற்கிற நிலத்தை ஆண்டையிடமே விட்டுவைத்தால் அந்தச் சீட்டால் என்ன பயன்? 1969இல் அவர்கள் ‘நியூ கம்யூனிட்டீஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கி, லீ மாவட்டத்தில் 5,735 ஏக்கரைக் கடன்பட்டு வாங்கினார்கள். அந்நாளில் அமெரிக்காவில் கறுப்பினத்தார் கையில் ஒரே வளைவில் இருந்த மிகப் பெரிய நிலப்பரப்பு அது. நிலம் அறக்கட்டளையின் பெயரில் இருக்கும். குடும்பங்களுக்கு நெடுங்காலக் குத்தகை. வீடு அவரவருக்குச் சொந்தம். நிலத்தை எவரும் விற்க முடியாது. வாரிசுச் சொத்தின் கேட்டுக்கு இதைவிடச் சிறந்த மருந்தை நான் எந்தப் பத்திரத்திலும் எழுதியதில்லை.

இந்த இடத்தில் தமிழ் வாசகர்கள் நிமிர்ந்து உட்கார ஒரு காரணம் இருக்கிறது. இந்த அமைப்பின் சட்ட வடிவத்தை வரைய உதவிய ராபர்ட் ஸ்வான், அவருடைய வழிகாட்டி ரால்ஃப் போர்சோடி, அல்பனி இயக்கத் தலைவர் ஸ்லேட்டர் கிங் (மார்ட்டின் லூதர் கிங்குக்கு உறவினர் அல்லர், 1969 மார்ச்சில் கார் விபத்தில் இறந்தார்) முதலானோர் கூடிப் பேசியபோது அவர்கள் முன்மாதிரியாக வைத்தவை இரண்டு: இஸ்ரேலின் நிலக் குத்தகை முறை ஒன்று, வினோபா பாவேயின் கிராமதானம் மற்றொன்று. இஸ்ரேலுக்கு 1968இல் நேரில் போய்ப் பார்த்து வந்தார்கள். கிராமதானத்தில் நிலத்தின் உரிமை ஊருக்கு, உழும் உரிமை குடும்பத்துக்கு, வெளியாருக்கு விற்க இயலாது. தமிழ்நாட்டில் அந்த இயக்கத்தைத் தோளில் சுமந்த ஜெகந்நாதன், கிருஷ்ணம்மாள் இணையரை எங்கள் பகுதியில் அறியாதவர் குறைவு. கிருஷ்ணம்மாள் எங்களுக்குப் பக்கத்து ஊர்க்காரர். இங்கே கிராமதானம் பல ஊர்களில் காகிதத்தோடு நின்றுவிட்டது என்பதை மறைக்க வேண்டியதில்லை. கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட 1968 டிசம்பருக்குப் பின், தானம் கேட்டால் போதாது, வாங்கிப் பதிவு செய்ய வேண்டும் என்ற இடத்துக்கு அவர்களும் வந்தார்கள். 1981இல் ‘லாஃப்டி’ அமைப்பைத் தொடங்கிப் பெண்கள் பெயரில் நிலம் எழுதி வைத்தார்கள். பின்னர் நாகை மாவட்டக் கரையோரம் இறால் பண்ணைகளால் உவர்ந்தபோது வழக்குத் தொடுத்து, 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் பெற்றதும் அதே ஜெகந்நாதன்தான். நிலமும் சூழலும் ஒரே வழக்கு என்பது ஜார்ஜியாவிலும் நாகையிலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் விளங்கியிருக்கிறது.

ஜார்ஜியாக் கதை நல்லபடியாக முடிந்திருக்குமானால் நான் எழுத வேண்டியிருக்காது. நடுவண் அரசு திட்டமிடப் பணம் கொடுத்து, பெருந்தொகை தருவதாகவும் ஆசை காட்டியது. ஆளுநர் லெஸ்டர் மேடாக்ஸ் எதிர்த்ததால் அந்தத் தொகை வரவில்லை. வீடுகள் வரைபடத்திலேயே நின்றன. ஆனாலும் சோளம், நிலக்கடலை, சோயா, திராட்சை, பன்றி வளர்ப்பு, நெடுஞ்சாலையோரக் கடை என்று பதினைந்து ஆண்டுகள் தாக்குப் பிடித்தார்கள். பிறகு வறட்சி. அவசரக் கடன் கேட்டு வேளாண் துறையின் மாவட்டக் கடன் அலுவலகத்துக்குப் போனபோது, “என் பிணத்தைத் தாண்டித்தான் உங்களுக்குக் கடன்” என்ற பொருளில் அலுவலர் சொன்னதாக ஷெர்லி ஷெராட் பல மேடைகளில் கூறியிருக்கிறார். வெள்ளையருக்கு ஒரே பருவத்தில் கிடைத்த கடன் இவர்களுக்கு மூன்று ஆண்டு கழித்துக் கிடைத்தது. 1985இல் நிலம் கடனுக்குப் போய்விட்டது. பத்திரம் கையில் இருந்தும் போன நிலம் இது என்பதால், பத்திரமே எல்லாம் என்று நான் வாதிட வரவில்லை. வில்லங்கம் உள்ள பத்திரத்தைக் காப்பது விளைச்சல் மட்டும் அன்று, கடன் கொடுக்கும் கையும்தான்.

அந்தக் கைக்கு எதிராக வட கரோலினா உழவர் டிமோத்தி பிக்ஃபோர்டும் பிறரும் 1997இல் தொடுத்த வழக்கு 1999இல் சமரசத் தீர்ப்பில் முடிந்தது. பாகுபாட்டுப் புகார்களை விசாரிக்க வேண்டிய பிரிவையே வேளாண் துறை 1983இல் கலைத்துவிட்டு, புகார்களை அடுக்கி வைத்திருந்தது என்பது அந்த வழக்கில் வெளியே வந்தது. நியூ கம்யூனிட்டீஸ் அமைப்புக்கு 2009இல் சுமார் 1.2 கோடி டாலர் இழப்பீடு கிடைத்தது. (அதற்கு அடுத்த ஆண்டே, வெட்டி ஒட்டப்பட்ட ஒரு காணொளியை நம்பி, அதே வேளாண் துறை தன் அலுவலராக இருந்த ஷெர்லியைப் பதவி விலகச் செய்து, பின்னர் மன்னிப்புக் கேட்டது தனிக் கதை.) 2011இல் அவர்கள் அல்பனிக்கு அருகே 1,638 ஏக்கர் பண்ணையை வாங்கினார்கள். ஒரு காலத்தில் ஜார்ஜியாவின் பெரும் அடிமை உடைமையாளர் ஒருவருக்குச் சொந்தமாக இருந்த நிலம் அது. இப்போது அங்கே பீக்கன் மரங்களும், இளம் உழவர்களுக்கான பயிற்சியும். சார்ல்ஸ் ஷெராட் 2022இல் காலமானார்.

இவர்கள் எழுதிய அறக்கட்டளை வடிவம் இன்று அமெரிக்காவில் இருநூறுக்கும் மேற்பட்ட இடங்களில் நடைமுறையில் உள்ளது. பாஸ்டன் நகரின் டட்லி தெருப் பகுதியில், கறுப்பினத்தாரும் பிற குடியேறிகளும் சேர்ந்து, தங்கள் தெருவில் சட்டவிரோதமாகக் கொட்டப்பட்ட குப்பைக்கு எதிராக 1986இல் கிளம்பி, 1988இல் காலி மனைகளைக் கையகப்படுத்தும் அதிகாரத்தையே நகராட்சியிடமிருந்து பெற்றுவிட்டார்கள். லூசியானாவில், பேட்டன் ரூஜுக்கும் நியூ ஆர்லியன்சுக்கும் இடையே 85 மைல் ஆற்றங்கரை முழுவதும் வேதி ஆலைகள் அடைத்துக்கொண்டிருக்க, ஜாய் பேனர், ஜோ பேனர் என்ற இரட்டைச் சகோதரிகள் தங்கள் ஊரான வாலஸில் வரவிருந்த மாபெரும் தானியக் கிடங்கை வழக்கிட்டு எதிர்த்தார்கள். 2024 ஆகஸ்டில் நிறுவனம் திட்டத்தைக் கைவிட்டது. அதே ஆண்டில் அச்சகோதரிகளின் அமைப்பு, 1811 அடிமை எழுச்சி தொடங்கிய வுட்லண்ட் பண்ணை மாளிகையை விலைக்கு வாங்கியது. வழக்கில் வென்றதைவிட இந்தக் கிரயமே எனக்குப் பெரிதாகப் படுகிறது. அடுத்த ஆலைக்காரர் வரும்போது அந்த இடத்தின் உரிமையாளராக அவர்கள் எதிரே நிற்பார்கள்.

தங்களிடம் நான் வேண்டுவது சிறிது. அந்த ஞாயிறு கட்டுரையின் வரியை, “40 ஏக்கர் நிலம் வழங்கப்பட்டு, அதே ஆண்டில் திரும்பப் பறிக்கப்பட்டது” என்று திருத்தி வெளியிடுங்கள். கோவேறு கழுதையை எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர்,
வத்தலக்குண்டு.